பட்டணத்தில் பறவை இல்லை என்று சொன்னது யார்? நான்தான்!



போன வருஷம் எட்டாவது படிக்கும்போது இதே சுவர்ப் பத்திரிகையில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு ‘நரகமாகும் நகரம்’. உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள். பரிசாக வந்த எவர்சில்வர் தட்டில்தான் இன்றைக்கும் சத்துணவு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

அந்தக் கட்டுரையில் என்ன எழுதினேன் தெரியுமா? பட்டணத்தில் மரம் இல்லை, மரம் இல்லாததால் பறவை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாத மனிதர்கள் தீப்பெட்டி மாதிரி வீடுகளில் வாழ்கிறார்கள், செல்போன் கோபுரங்கள் சிட்டுக்குருவியைக் கொன்றுவிட்டன என்றெல்லாம் எழுதினேன். ‘கிராமமே கோயில்’ என்று முடித்தேன். எல்லாரும் கை தட்டினீர்கள்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்கிறேன். அதை எழுதும்போது நான் சென்னையைப் பார்த்ததே கிடையாது.

இந்த அரையாண்டு விடுமுறையில்தான் முதல் முறையாகப் போனேன். என் சித்தி வேளச்சேரியில் இருக்கிறார். சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஐ.ஐ.டி. மதில் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெருவில் கீழ்த்தளத்தில் வீடு. எட்டு நாள் இருந்தேன்.

முதல் நாள் காலையில் என்னை எழுப்பியது பஸ் ஹாரன் இல்லை. டொங்... டொங்... டொங்... என்று ஒரு சத்தம். யாரோ பாத்திரம் தட்டுகிறார்கள் என்று நினைத்து வெளியே வந்தேன். தெருமுனையில் பெரிய அரசமரம். அதன் அடியில் இஸ்திரி வண்டி. பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்த தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா பாப்பா, மரத்தையே பாக்குற? சுத்தியல் அடிக்கிறவனத் தேடுறியா? அவன் பேரு குக்குறுவான். பச்சையா இருப்பான், நெத்தியில செவப்புப் பொட்டு. இலையோட இலையா உக்காந்துருப்பான், சட்டுனு தெரிய மாட்டான்.”

பத்து நிமிஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த பிறகு தெரிந்தான். நம் கட்டைவிரல் மாதிரி குட்டையாக, தொண்டையில் மஞ்சளும் நெற்றியில் சிவப்புமாக இருந்தான். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா அவ்வளவு சத்தம் என்று வாயைப் பிளந்துவிட்டேன்.

அன்றைக்கே சித்தியிடம் ஒரு பழைய டைரி வாங்கி எழுத ஆரம்பித்தேன். எட்டு நாளில் அந்தத் தெருவில் இருந்தபடியே நான் பார்த்தவை இவை: காகம், மைனா, பச்சைக்கிளி, மாடப்புறா, குயில், குக்குறுவான், தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான், தவிட்டுக்குருவி, வால்காக்கை, செண்பகம், மரங்கொத்தி, புள்ளி ஆந்தை, பருந்து, கொக்கு. மொத்தம் 16. பதினேழாவது ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பறவை இல்லாத நகரம் என்று எழுதியவளுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

இவ்வளவு பறவைகள் எப்படி வந்தன என்று சித்தப்பாவைக் கேட்டேன். மறுநாள் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். அதற்குப் பின்னால் இருப்பதுதான் கிண்டி தேசியப் பூங்கா. சுமார் 270 ஹெக்டேர், அதாவது 660 ஏக்கருக்கு மேல். ஒரு காலத்தில் வேட்டைக்காடாக இருந்ததை 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு மாநகரத்தின் நடுவில் புள்ளிமானும் வெளிமானும் நரியும் இருக்கின்றன என்றால் நம்ப முடிகிறதா? உள்காட்டுக்குள் நினைத்தவர்கள் எல்லாம் போக முடியாது. போகாமல் இருப்பதுதான் அவற்றுக்கு நல்லது என்று எனக்குப் பட்டது. அந்தக் காட்டிலிருந்து எடுத்த இடத்தில்தான் 1959-ல் ஐ.ஐ.டி. வந்தது. அங்கேயும் மரங்களை நிறைய விட்டு வைத்திருப்பதால் மான்கள் இன்றும் உள்ளே மேய்கின்றன. அந்த மதிலைத் தாண்டிப் பறவைகள் எங்கள் சித்தி தெரு அரசமரத்துக்கு வருகின்றன. பறவைக்கு ஏது மதில்!

சரி, மனிதர்கள்? பேர் தெரியாத மனிதர்கள் என்று எழுதினேனே?

மூன்றாம் நாளே அந்தத் தெருவில் எனக்கு ‘ஊர்ப் பொண்ணு’ என்று பேர் வந்துவிட்டது. கீரைக்காரப் பாட்டி, “ஊர்ப் பொண்ணே, இன்னிக்கு எத்தனை குருவி?” என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவார். மாடி வீட்டு அக்கா காக்கைக்குச் சோறு வைக்கும்போது என்னைக் கூப்பிடுவார். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு எல்லாரும் அரசமரத்தடியில்தான் நிற்பார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் மகனுக்கு வேலை கிடைத்தது எல்லாம் அங்கேதான் தெரியும். நம்ம ஊர் குழாயடி மாதிரியேதான்.

இஸ்திரி தாத்தா இன்னொரு கதையும் சொன்னார். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அந்தத் தெருவிலும் நாலு மரம் சாய்ந்துவிட்டது. அரசமரம் மட்டும் நின்றது. ஆனால் போன வருஷம் அதற்கு வேறு புயல் வந்தது! மரத்தடியில் கார் நிறுத்தும் ஒருவர், பழம் தின்னும் பறவைகள் எச்சம் போட்டுக் காரைப் பாழாக்குகின்றன, மரத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னாராம். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கடன் வாங்கி வாங்கிய கார், தினமும் கழுவ அவருக்கு எங்கே நேரம்? தெருவே கூடிப் பேசியது. கடைசியில் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அந்தக் காருக்கு ஓர் உறை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கம்பியில் உரசிய கிளையை மட்டும் அனுமதி வாங்கி வெட்டினார்கள். மரமும் பிழைத்தது, காரும் பிழைத்தது.

“மரம் போனா எனக்கு நிழல் போச்சு, வண்டி போச்சு. குருவிக்கு வீடு போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸ் பாப்பா” என்றார் தாத்தா. நான் போன வருஷம் எழுதிய நாலு பக்கமும் இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

இதற்காகப் பட்டணம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒருநாள் விடியற்காலையில் சித்தப்பா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு அழைத்துப் போனார். ரோட்டோரம் நின்றே பார்க்கலாம். பூநாரை, கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நெடுங்கால் உள்ளான்... தண்ணீர் மேல் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று கோலம் போட்டது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெருங்குடிப் பக்கம் பல வருஷங்களாக ஊர்க் குப்பை கொட்டிய இடம். நடுவே ரோடு, சுற்றிலும் கட்டடங்கள். முன்பு இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்த சதுப்பு நிலம் சுருங்கிச் சுருங்கி இவ்வளவாகிவிட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கும் அங்கீகாரம் அது.

இதில் பறவைக் கதை மட்டும் இல்லை. தென்சென்னை ஏரிகளில் நிரம்பி வழியும் மழைநீர் இந்தச் சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். தங்குவதற்கு இடம் இல்லாவிட்டால் அது எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சித்தி வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. சித்தியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னும் அந்தத் தண்ணீர்க் கறை இருக்கிறது. நாரை நிற்க இடம் இருந்தால் சித்தி வீட்டில் தண்ணீர் நிற்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சதுப்பு நிலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

சிட்டுக்குருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்தி தெருவில் சிட்டுக்குருவி இல்லை, அது உண்மை. ஆனால் செல்போன் கோபுரம்தான் கொன்றது என்று நான் எழுதியது சினிமாவில் பார்த்தது. ஊருக்கு வந்ததும் நம் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அது நிரூபிக்கப்படவில்லை என்றார். 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையின்படி, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லையாம், பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறதாம். கூடு கட்டப் பொந்தும், குஞ்சுக்குப் பூச்சியும் இல்லாவிட்டால் எந்தக் குருவிதான் தங்கும்?

இப்போது பதினேழாவது பறவை. கடைசி நாள் சாயங்காலம். இஸ்திரி தாத்தா உதட்டில் விரல் வைத்து, மதில் ஓரக் குப்பை இலைகளைக் காட்டினார். ஒரு குட்டைவால் குருவி இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இறக்கையில் பளீர் நீலம், வயிற்றுக்குக் கீழே சிவப்பு. இரண்டு தரம் விசில் அடித்தது. ஆறுமணிக்குருவி! காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பேர். குளிர்காலத்தில் இமயமலை அடிவாரம் வரையுள்ள வடக்குக் காடுகளிலிருந்து தெற்கே வரும் பறவை. அவ்வளவு தூரம் பறந்து வந்து, கார்களும் லாரிகளும் ஓடும் ஊரில், ஒரு கூடை சருகு கிடந்த இடத்தில் இறங்கியிருக்கிறது. யாராவது சுத்தம் செய்கிறேன் என்று அந்தச் சருகைக் கொளுத்தியிருந்தால்?

நண்பர்களே, என் கருத்து இதுதான். பட்டணமோ கிராமமோ, இடம் விட்டால் பறவை வரும். பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அந்த இடம் பிழைக்கும். இஸ்திரி தாத்தா எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. தினமும் அண்ணாந்து பார்த்தார். அதனால் மரம் நிற்கிறது. நான் பார்க்காமலே எழுதினேன். தட்டு கிடைத்தது.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று. ஊர் திரும்பிய மறுநாள் ஏரிக்கரை வழியாகப் பள்ளிக்கு வரும்போது நின்று பார்த்தேன். அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை எல்லாம் நம் ஏரியிலும் நிற்கின்றன! ஒன்பது வருஷமாகத் தினமும் கடந்து போகிறேன். ‘கொக்கு’ என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்திருக்கிறேன். கிராமமே கோயில் என்று எழுதியவள் கோயிலுக்குள் கண்ணைத் திறக்கவே இல்லை.

இப்போது நம் பள்ளி வேப்பமரத்துக்கு வருகிறேன். இலை விழுந்து மொட்டை மாடிக் குழாய் அடைத்துக்கொள்கிறது, பட்டுப்போன கிளை பயமாக இருக்கிறது, மரத்தையே எடுத்துவிடலாம் என்று பேச்சு நடப்பது எல்லாருக்கும் தெரியும். குழாய் அடைப்பது உண்மை. கிளை ஆபத்து என்பதும் உண்மை, அதன் கீழ் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஆனால் அந்தக் கிளைப் பொந்தில் கிளி இருக்கிறது. தலைமையாசிரியர் ஐயா அவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளை இப்போதே வேறு பக்கம் உட்கார வைப்போம். பட்டுப்போன கிளையை மட்டும், கிளிக்குஞ்சு பறந்த பிறகு, கோடை விடுமுறையில் வெட்டிக்கொள்ளலாம். மொட்டை மாடியை வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்பு கூட்டிவிடும். பெண்கள் மட்டும் இல்லை, பையன்களும்தான்! பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இன்னும் சில நாளில் பொங்கல். ஒவ்வொரு வருஷமும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறார்கள். ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவையையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். அதற்குப் பணம் வேண்டாம், பைனாகுலர்கூட வேண்டாம். மாட்டுப் பொங்கல் அன்று காலை ஆறரை மணிக்கு நான் ஏரிக்கரை மதகில் நிற்பேன். வருகிறவர்கள் நோட்டோடு வாருங்கள்.

அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். “தட்டு என்னடி பண்ணுச்சு? தப்ப திருத்தி எழுது, போதும்” என்றார். எழுதிவிட்டேன்.

மரத்தை அண்ணாந்து பார்ப்போம்! பார்த்த பிறகு பேசுவோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி