நெசவுப் பெண்களின் இடுப்பு வலி

சங்கங்களின் தணிக்கையில் நூல் இருப்பில் ஒரு கட்டு குறைந்தாலும் நாம் விளக்கம் கேட்கிறோம். அந்நூலைத் துணியாக்கித் தருவோரின் உடல்நலத்திற்கோ எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை. 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவாளரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்களே. எனவே அவர்களது உடல்நலம் சங்கத்தின் முதலீட்டையே சேர்ந்த விஷயமாகும்.

இருபது, முப்பது வயதுப் பெண்கள் இடுப்பு வலி என்று சொன்னால், "குழித்தறியில் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று பெரியோர் தைலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றனர். குனிந்தபடி நாள் முழுவதும் மிதி மிதிப்பதால் வலி வருவது உண்மையே. ஆயினும் வெளிக்குத் தெரியாத வேறொரு காரணமும் உண்டு. அதுவே வைட்டமின் டி குறைவு.

உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கு வைட்டமின் டி இன்றியமையாதது. அது நெடுநாள் குறைந்தால் எலும்பு மென்மையடைகிறது. இடுப்பிலும் தொடையிலும் வலி தோன்றும். தரையிலிருந்து எழுவதும் படியேறுவதும் கடினமாகும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் சுண்ணாம்புச் சத்தின் தேவை மிகுவதால், இளந்தாய்மார் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இக்குறை எவ்வாறு வந்தது? வெயில் தோலின் மீது பட்டால்தான் இச்சத்து உண்டாகும். நூல் அறாதிருக்க ஈரம் வேண்டுமென்று தறி வீட்டை அடைத்து வைக்கிறோம். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் இதற்கு உதவாது. காலை இளவெயிலே போதுமென்ற நம்பிக்கையும் சரியன்று. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையிலேதான் வெயிலுக்கு அந்த ஆற்றல் மிகுதி. கருநிறத் தோலுக்குச் சற்று அதிக நேரமும் தேவை.

உணவில் முட்டையின் மஞ்சள் கருவிலும், மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களிலும் இச்சத்து உண்டு. சைவ உணவில் மிகக் குறைவு. வைட்டமின் சேர்த்துச் செறிவூட்டிய பாலும் எண்ணெயும் இப்போது கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு சிறந்தது. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. அதை விளைவிப்போரும் நம் உழவர் அங்கத்தினரே.

எல்லா இடுப்பு வலிக்கும் இதுவே காரணமென்று நாம் கூறவில்லை. வலியுடன் காய்ச்சல், கால் மரத்தல், சிறுநீர்த் தடை ஆகியவை இருப்பின் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். இரத்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைவு எனப் பொதுவாகக் கொள்வர். பிறர் சொல்கேட்டு 60,000 யூனிட் மருந்தை வாங்கித் தொடர்ந்து உண்பது தகாது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

"வெயிலில் அரைமணி நில்" என்று அறிவுரை சொல்வது எளிது. முழத்துக்குக் கூலி பெறுபவளுக்கு அந்த அரைமணி கூலி நஷ்டமன்றோ? ஆகவே இப்பொறுப்பை அவள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. துணி ஒப்படைக்கும் கெடுவை நிர்ணயிக்கும்போதே நிர்வாகக் குழுவினர் ஓய்வு நேரத்தையும் கணக்கிடவேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை அழைத்து ஆண்டுக்கொரு முறை பெண்களுக்குப் பரிசோதனை நடத்தலாம். துணைவிதி இடந்தருமாயின் அச்செலவைப் பொதுநல நிதியில் ஏற்கலாம். உழவர் அங்கத்தினரின் கேழ்வரகைச் சங்கப் பண்டகசாலையில் நெசவாளர்க்கு நியாய விலையில் தரலாம்.

வரும் மகாசபையில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம். கூச்சத்தால் வலியை மறைக்கும் பெண்கள் பலர். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் சங்கமே முன்வருவதுதான் கூட்டுறவு.