ஏடா, பொருக்கா, ரேக்கா?

எங்களுக்கு வரும் நாவல் விமர்சனங்களில் இப்போது ஓயாமல் அடிபடும் சொல் ‘லேயர்’. ‘இந்த நாவலில் நிறைய லேயர் இருக்கிறது’ என்று எழுதிவிட்டால் பாராட்டு முடிந்தது. தமிழ்ப்பற்று உள்ளவர்கள் அதையே ‘அடுக்கு’ என்று மாற்றி அனுப்புகிறார்கள். ஆங்கிலம் நுழைந்துவிட்டதே என்பதல்ல எங்கள் குறை. அடுக்கு என்றாலும் எதுவும் தெளிவதில்லை. எதன்மேல் எது படிந்திருக்கிறது, உரித்தால் வருமா, உரித்தபின் அடியில் இருப்பது பிழைக்குமா? விமர்சகர் இதையெல்லாம் யோசித்த அடையாளமே இல்லை.

மெல்லிசாகப் படிவதற்கும் மூடுவதற்கும் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. சுண்டக் காய்ச்சிய பாலை உறையவைத்தால் தயிரின்மேல் திரள்வது ஏடு. கரண்டியால் தனியே வழித்தெடுக்கலாம்; ஆனாலும் அந்நியப் பொருளல்ல, அதே பாலின் கொழுப்பு மேலே வந்து நிற்கிறது. வற்றிய கண்மாயில் சேறு வெடித்து, ஓரம் சுருண்டு கிடப்பது பொருக்கு. ஆறும் புண்ணில் கட்டுவதும் பொருக்குதான். அவசரப்பட்டுப் பிய்த்தால் ரத்தம் வரும். பார்வையை மறைப்பது படலம். (கம்பராமாயணத்தின் உட்பிரிவுக்கும் அதே பெயர், அது வேறு விவகாரம்.) சவ்வு உயிரோடு ஒட்டியது, எதை உள்ளே விடுவது என்று அதற்குத் தெரியும். தஞ்சாவூர் ஓவியத்தில், சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடாக்கிய இடத்தில் ஒட்டுகிறார்களே, அது தங்க ரேக்கு. முழுக்க வெளியிலிருந்து வந்த மினுக்கு. ‘லேயர்’ என்று புகழப்படும் நாவல்கள் பலவற்றில் நாங்கள் பார்ப்பது ரேக்கைத்தான்.

தொல்காப்பிய மரபியலைப் புரட்டினால் இந்த நுணுக்கம் எவ்வளவு பழையது என்று தெரியும். வெளியே வைரம் பாய்ந்தவை புல், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம் என்பது அங்கே கணக்கு. ஆகவே பனை, மரமல்ல, புல். தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ் ஆகியவை புல்லின் உறுப்புகளாக ஒரே நூற்பாவில் வருகின்றன. இலையும் தளிரும் மரத்தின் பக்கம் போய்விடுகின்றன. நாங்கள் நடத்துவது இதழ், நீங்கள் எழுதுவது மடல், கடைக்காரர் கணக்கு வைப்பது பேரேடு. யாழ்ப்பாணத்தில் விஜயதசமியன்று குழந்தைக்குத் தொடக்குவதும் ஏடு. எல்லாம் அந்த ஒரு நூற்பாவின் பிள்ளைகள். இலை வேறு, ஓலை வேறு என்று பிரித்துப் பார்த்த மொழியில் எழுதிக்கொண்டு, கதைக்குள் இருப்பதற்கெல்லாம் ஒரே சொல் போதும் என்பது சோம்பல்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘லேயர்’ என்று எழுதக் கை போனால், ஏடா, பொருக்கா, படலமா, சவ்வா, ரேக்கா என்று சொல்லிவிடுங்கள். இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால் உங்கள் ஊரில் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். எங்களுக்கு விளங்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு அச்சிடுகிறோம்.