ஒரு மாதம் குரோமுக்கு லீவு

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் கையில் போன் கொடுக்கிற பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள்.

அண்மையில் எங்கள் மகள் ஓ.எல். விஞ்ஞான வினாத்தாள் ஒன்றைத் தேடினா. திறந்த பக்கத்தில் 'டவுன்லோட்' என்று மூன்று பொத்தான்கள். ஒன்றைத் தொட்டதும் திரை முழுக்கச் சூதாட்ட விளம்பரம். பிள்ளை பயந்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டா. அவவில் என்ன பிழை? அந்த விளம்பரம் இறங்கினதும் வாப்பா போட்ட ரீலோட்டில்தான்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டிலும், கூடப் படிப்பிக்கிற இரண்டு ஆசிரியர்களின் வீடுகளிலும் ஒரு மாதத்துக்கு மேலோடியை மாற்றிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். போன் வாங்கும்போதே குரோம் உள்ளே இருந்தது. நாங்கள் யாரும் அதைத் தெரிவு செய்யவில்லை.

மாறியது பயர்பொக்ஸுக்கு. 2004 இல் வந்த மேலோடி. மொஸில்லா என்ற இலாப நோக்கற்ற அமைப்பினுடையது. தன்னார்வலர்கள் தமிழாக்கியதால் தமிழிலும் பாவிக்கலாம். அன்ட்ரொயிட் போனில் அதன் மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'யூபிளொக் ஒரிஜின்' என்பதை இலவசமாகச் சேர்க்கலாம். பெரும்பாலான விளம்பரங்களை அது இறங்கவே விடாது. போனில் உள்ள குரோமில் இப்படிச் சேர்க்க வழியில்லை. பிறகு செட்டிங்ஸில் பயர்பொக்ஸை 'டிஃபோல்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் வருகிற லிங்க் எல்லாம் பழையபடி குரோமில்தான் திறக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில தளங்கள் சரியாக வேலை செய்யவில்லை. அதற்காகக் குரோமை அழிக்காமல் வைத்திருக்கிறோம். யூடியூப், பேஸ்புக் செயலிகளுக்குள் வருகிற விளம்பரத்தை இது தடுக்காது. ஐபோன் பயர்பொக்ஸில் இந்த வசதி இல்லை. மொஸில்லாவுக்கும் பெரும் வருமானம் கூகுளிடமிருந்துதான் வருகிறது. ஆகவே இதைப் பெரிய புரட்சி என்று சொல்ல வரவில்லை. விளம்பர வருமானத்தில் நடக்கிற நல்ல தமிழ்த் தளங்களும் உண்டு. அவற்றுக்கு மட்டும் தடுப்பை நிறுத்திவிடலாம், ஒரு பொத்தான்தான்.

ஒரு மாதம் முடிந்தது. மூன்று வீட்டிலும் யாரும் திரும்பிப் போகவில்லை. பக்கங்கள் கெதியாகத் திறக்கின்றன. மகள் இப்போது கூப்பிடாமலே வினாத்தாள் எடுக்கிறா.

மேலோடி மட்டும் காவல் இல்லை. வினாத்தாளுக்கு முதலில் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தையும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவையும் பார்க்கப் பழக்குங்கள். பழைய நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

வீட்டு வாசலில் யார் வருகிறார் என்று பார்த்துத்தானே கதவைத் திறக்கிறோம்? பிள்ளையின் போனுக்கும் அந்தக் கவனம் வேண்டாமா? போட்டுப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். போடத் தெரியாவிட்டால் போனைக் கொண்டு வாருங்கள், பத்து நிமிட வேலை.