குமட்டல் குற்றமா?

வெளியூரிலிருந்து ஒரு வாலிபத் தோழர் நமக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்லுகிறோம். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தில் பிறந்தும், மூன்று வருஷ காலமாக நமது கூட்டங்களுக்கு வந்து, துண்டுப் பிரசுரம் விற்று, ஜாதி ஒழிய வேண்டுமென்று மேடையேறிப் பேசியும் வருகிறவர். சென்ற மாதம் தம்மோடு தறி ஓட்டும் தோழர் ஒருவரின் வீட்டுக்கு, காலனிக்கு, முதன்முறையாகச் சாப்பிடப் போயிருக்கிறார். இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றி, அந்தத் தோழரின் தாயார் பக்கத்தில் நின்று பரிமாறியிருக்கிறார். முதல் கவளம் தொண்டையில் இறங்கவில்லையாம்; வயிறு குமட்டியதாம். வீடு சுத்தமாய்த்தான் இருந்தது, குழம்பு ருசியாய்த்தான் இருந்தது, ஆனாலும் குமட்டியது என்கிறார். தண்ணீரைக் குடித்து விழுங்கி, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தார். அன்றிரவு தூக்கமில்லை. “நான் வேஷக்காரன்தானே? இனி மேடையேற எனக்கு யோக்கியதை உண்டா?” என்பது அவர் கேள்வி.

தோழர்களே! இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதல்ல. நம்மில் அநேகருக்கு உள்ளே இருப்பதும், நாம் வெளியே சொல்ல வெட்கப்படுவதும் ஆன கேள்வி. ஆகவே கொஞ்சம் விரிவாகவே யோசிப்போம்.

மதக்காரர்களிடம் இவர் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? காமம், குரோதம் முதலாக ஆறு பகைவர்களைக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அவர்கள். நினைத்தாலே பாவம் என்பது எல்லா மதத்திலும் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. இந்த உபதேசத்தினால் யாருக்காவது கோபமோ ஆசையோ அருவருப்போ போய்விட்டதுண்டா? போகவில்லை. போனதெல்லாம் அதை ஒப்புக்கொள்ளும் யோக்கியப் பொறுப்புத்தான். மனதில் எழுவதே பாவம் என்று நம்புகிறவன் எழுந்ததை மறைக்கிறான். மறைத்தது சும்மா கிடக்கிறதா? வேறு பெயர் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அருவருப்பு “சுத்தம்” என்று வரும். பொறாமை “நியாயம்” என்று வரும். பயம் “பெரியவர்கள் சொன்னது” என்று வரும்.

2018-ஆம் வருஷம் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மாள் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது, ஊரில் சிலர் திரண்டு, தங்கள் பிள்ளைகள் அவர் கையால் சாப்பிடக்கூடாது என்று மல்லுக்கு நின்றதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இப்படிப்பட்டவர்களைத் தனியே கூப்பிட்டு விசாரித்தால் “எனக்கு அருவருப்பாயிருக்கிறது” என்று சொல்லுகிறவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா? சுத்தம் என்பார்கள், ஊர்க் கட்டுப்பாடு என்பார்கள், எங்களுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள் ஒப்பமாட்டார்கள் என்பார்கள். 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது விதி தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் சட்டம் கையையும் காலையும்தான் பிடிக்கும். குடலை எந்தப் போலீஸ்காரன் பிடிப்பான்?

நிற்க, சார்லஸ் டார்வின் என்ற இங்கிலீஷ்காரரைப் பற்றி ஒரு சங்கதி சொல்லுகிறோம். மனிதனும் மற்றப் பிராணிகளைப் போலப் படிப்படியாக வந்தவன்தான் என்று காட்டிய அதே பெரியவர்தான். வாலிபத்தில் பீகிள் என்ற கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகத்தைச் சுற்றினார். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா டெல் பியூகோ என்ற குளிர்ப் பிரதேசத்தில் அவர் பதப்படுத்திய இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தபோது, அவ்வூர் மனிதன் ஒருவன் வந்து அந்த இறைச்சியை விரலால் தொட்டுப் பார்த்தான். அதன் மெதுமெதுப்பு அவனுக்கு ஒரே அருவருப்பு. டார்வினுக்கோ, அம்மணமாயிருந்த அந்த மனிதன் தம் ஆகாரத்தைத் தொட்டுவிட்டானே என்று அருவருப்பு! அவன் கையில் அழுக்கொன்றும் தென்படவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். 1872-இல், உணர்ச்சிகள் முகத்தில் எப்படித் தோன்றுகின்றன என்பதைப் பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தில் இது அச்சாகியிருக்கிறது.

இருவருக்கும் அருவருப்பு. இரண்டில் எது நியாயம்? அந்த இறைச்சியில் விஷமில்லை. அந்த விரலில் நோயுமில்லை. வயிறு இரண்டு பேருக்கும் பொய் சொல்லிற்று. ஆனால் டார்வின் செய்த பெரிய காரியம் என்னவென்றால், வயிறு சொன்னதை மறைக்கவுமில்லை, அது சொன்னதே தீர்ப்பு என்று கையெழுத்துப் போடவுமில்லை. “இப்படித் தோன்றிற்று, கையில் அழுக்கில்லை” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டார்.

இதே டார்வின், அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, 1832-இல் பிரேஸில் தேசத்தில் அடிமைத்தனத்தைப் பற்றித் தம் கப்பல் தலைவரோடு சண்டை போட்டவர். ஒரு பண்ணைக்காரன் தன் அடிமைகளைக் கூப்பிட்டு விடுதலை வேண்டுமா என்று கேட்டதாகவும், எல்லோரும் வேண்டாமென்று சொன்னதாகவும் தலைவர் பெருமையாகச் சொன்னாராம். எஜமான் எதிரே நின்று அடிமை சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்டார். தலைவருக்கு வந்த கோபத்தில், இனி நாம் இருவரும் ஒரே அறையில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்! (சில மணி நேரத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.) அடிமைத்தனத்தை வெறுத்தவருக்கும் அந்நியன் விரல் பட்டால் அருவருப்பு வந்திருக்கிறது. அதனால் அவர் வெறுப்பு வேஷமாகிவிட்டதா?

அருவருப்பு எவ்வளவு முட்டாள்தனமானது என்பதை 1986-இல் பால் ரோஸின் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் அவரோடு சேர்ந்தவர்களும் சோதித்துக் காட்டினார்கள். செத்த கரப்பான் பூச்சியைக் கிருமி ஒன்றுமில்லாமல் சுத்தி செய்து பழரசத்தில் முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். கிருமியில்லை என்று தெரிந்தும் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. அதுவாவது போகட்டும். இரண்டு பாட்டிலில் சர்க்கரையைப் போட்டு, ஒன்றில் “சர்க்கரை” என்றும் மற்றதில் “விஷம்” என்றும் சீட்டை அவரவர் கையாலேயே ஒட்டச் சொன்னார்கள். தான் ஒட்டிய சீட்டைத் தானே பார்த்து, விஷமென்று எழுதியதைக் குடிக்கத் தயங்கினார்கள். படித்த தேசத்து ஆசாமிகள்! நம் ஊரில் மனிதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு நாம் ஒட்டியதுகூட அல்ல. பாட்டன் பூட்டன் ஒட்டியது. அதைக் கிழித்த பிறகும் கொஞ்ச நாளைக்குத் தொண்டை தயங்கத்தான் செய்யும்.

இதைக் கேட்டவுடன் சில தோழர்கள், “அப்படியானால் உணர்ச்சியே கூடாது, அறிவு ஒன்றே போதும்” என்று கிளம்பக்கூடும். நாம் அதை ஒப்ப மாட்டோம். பெர்னம்புகோ என்ற ஊரில் ஒரு வீட்டைக் கடந்து போனபோது உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டதாகவும், யாரோ ஓர் அடிமையை வதைக்கிறார்கள் என்று தோன்றியும் தம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும், பிற்காலத்தில் எங்கேயாவது தூரத்தில் அலறல் கேட்டால் அதுவே நினைவுக்கு வந்து வேதனைப்படுத்தியதாகவும் டார்வின் எழுதுகிறார். இப்படி வேதனைப்படும் மனம் இல்லாதவராயிருந்தால் அவர் தலைவரோடு சண்டைக்குப் போயிருப்பாரா? நமக்கும் கோபமில்லாவிட்டால் இந்தப் பத்திரிகைக்கு வேலையென்ன?

ஆகவே உணர்ச்சி ஒரு சாட்சி, ஜட்ஜல்ல. சாட்சியைக் கோர்ட்டுக்கே வராதே என்று விரட்டுவதும் தப்பு. அவன் சொன்னதைக் கேட்டவுடன் தூக்குத் தண்டனை எழுதுவதும் தப்பு. குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். முனகலைக் கேட்டு வந்த வேதனையைக் கூண்டில் ஏற்றி, “நீ கண்டதென்ன?” என்று கேட்டால், “ஒருவன் அடிபடுகிறான்” என்று பதில் வருகிறது. காலனி வீட்டுக் குமட்டலைக் கூண்டில் ஏற்றி, “யாருக்கு என்ன கெடுதி?” என்று கேளுங்கள். விழிக்கும். “எங்கள் வீட்டில் அப்படித்தான்” என்பதற்கு மேல் அதனிடம் ஒரு வார்த்தையுமிராது.

மனச்சாட்சி என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதுவும் இந்த விசாரணைக்குத் தப்பாது. மார்க் ட்வெயின் 1884-இல் வெளியிட்ட ஹக்கிள்பெரி பின் கதையில், ஓடிப்போகும் அடிமைக்கு உதவி செய்யும் பையனை அவனுடைய மனச்சாட்சி “திருட்டுக்கு உடந்தை” என்று குத்துகிறது. காட்டிக்கொடுத்துக் கடிதம்கூட எழுதிவிட்டு, பிறகு நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று அதைக் கிழித்துப் போடுகிறான். கெட்ட ஊரில் வளர்ந்த மனச்சாட்சி ஊரைப் போலத்தான் பேசும்.

நம்முடைய யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். நாம் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்தவரல்லர். மற்றதெல்லாம் படிப்பகத்தில் படித்தது. நாம் சிறுபிள்ளையாயிருந்தபோது, வேலைக்கு வரும் ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் வீட்டு எரவாணத்தில் ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். அதைத் தொட்டதற்காக நம் தாயார் நம்மைக் கிணற்றடியில் நிறுத்தி நான்கு வாளி தண்ணீரை ஊற்றியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்தக் குளிர் நம் உடம்பிலிருந்து போக எத்தனை வருஷமாயிற்று என்று சொன்னால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். இருபது வயதுக்கு மேல், மேடையில் வீறாப்பாய்ப் பேசிவிட்டு இறங்கிவந்து, ஒரு தோழர் குடித்து மீதி வைத்த டம்ளரை வாங்கும்போது கை ஒரு கணம் பின்வாங்கியது. அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் நமக்கு இன்னமும் உறுத்துகிறது.

இனி அந்த வாலிபத் தோழருக்கு. நீர் வேஷக்காரரல்ல. வேஷக்காரன் மேடையில் ஒன்று சொல்லி இலையில் வேறு செய்கிறவன். நீர் சொன்னதையே செய்தீர். வயிறு மட்டும் உம்மோடு வர மறுத்தது. வயிறு சம்மதித்த பிறகுதான் போவேன் என்றிருந்தால் ஒரு நாளும் போயிருக்க மாட்டீர். மேடையேறுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த தடவை பேசும்போது எதிரிலிருப்பவர்களை “ஜாதி வெறியர்கள்” என்று திட்டிவிட்டு இறங்காமல், உம் தொண்டையில் நடந்ததையும் கொஞ்சம் சொல்லும். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்த சங்கதியாயிருக்கும்.

இன்னொன்று. இதை அந்தத் தோழரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர். வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். உம் மனப் பாரத்தை இறக்கிவைக்க அவர் தாயாரின் சமையல்கட்டு இடமல்ல. தை மாதத்தில் அவர் தங்கைக்குச் சீர்திருத்தக் கலியாணம் என்று எழுதியிருக்கிறீரல்லவா? முதல் நாளே போய்ப் பந்தலுக்குக் கால் நடும். அந்த அம்மாளிடம் குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடும். குமட்டினால் குமட்டட்டும். முடிந்ததும் நமக்கு ஒரு கார்டு எழுதும்.