முக்கு என்று கூவுமுன்

பிள்ளைப்பேற்றைக் குறித்துக் குருவானவர் எழுதலாமா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கன்னியர் பேறுகால மருத்துவம் பார்ப்பதற்கே 1936 பிப்ரவரி 11-ஆம் நாள்தான் உரோமை முறைப்படி இசைவளித்தது. ஆகவே இத்தயக்கம் நமக்குப் பழையதே.

ஒடுகத்தூரில் தலைப்பிள்ளை ஈன்ற இளந்தாய் ஒருத்தி ஆறு மாதமாகப் பூசைக்கு வரவில்லை. காரணத்தை அவள் தாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். பேற்றின்போது உண்டான கிழிசல் ஆசனவாய்த் தசைவரை சென்றிருக்கிறது. மலத்தை அடக்க இயலவில்லை. சுற்றி நின்றோர், "மூச்சை விடாதே, முக்கு, முக்கு" என்று கூவினார்களாம்.

இக்கூச்சல் வேண்டியதில்லை. கருப்பைவாய் முழுதும் திறந்து, குழந்தை கீழிறங்குகையில் முக்கவேண்டும் என்ற உந்துதல் தானே எழும். அதன்வழிச் செல்லவே தாயை ஊக்குவிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. தலை வாயிலில் தெரிந்ததும் முக்குவதை நிறுத்தி, வாயைத் திறந்து சிறு சிறு மூச்சு விடவேண்டும். தலை மெல்ல வெளிவந்தால் தசை விரிவதற்கு நேரங்கிடைக்கும். மருத்துவச்சி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை இளஞ்சூட்டில் ஒற்றுவதும், கையால் அவ்விடத்தைத் தாங்கிக்கொள்வதும் பெருங்கிழிசலைக் குறைக்கும். மல்லாந்துதான் கிடக்கவேண்டும் என்பதுமில்லை. ஒருக்களித்தோ, நிமிர்ந்தோ, தாய்க்கு இசைந்தவாறு இருக்கலாம். எல்லார்க்கும் வழக்கமாகக் கத்தரிக்கோல் வைப்பதையும் அந்நிறுவனம் ஏற்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு 35-ஆம் வாரம்முதல் வாரம் ஓரிருமுறை அவ்விடத்தை எண்ணெயிட்டு நீவினால், தையலின் தேவை சற்றுக் குறையும். ஆயினும் சிறு கிழிசல் பலர்க்கும் நேர்வதுண்டு, அது ஆறிவிடும்.

ஆறாதது மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல். பேறு முடிந்தவுடனே தேர்ந்தவர் பார்த்துத் தைக்கவேண்டியது அது. அப்போது தப்பினாலும் பின்னர் மருத்துவம் உண்டு. கேட்பதற்குத்தான் நாணம்! ஆண் மருத்துவர் கூடாதென்று மறுத்து, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார் மாண்டதைக் கண்டே ஐடா ஸ்கடர் மருத்துவம் பயின்றார். 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் கண்டார். அவ்வேலூர் நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவே.

அத்தாயிடம் இதைத்தான் சொன்னேன். "மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ, சாமி" என்றார். மாப்பிள்ளையை நானே அழைத்துப் பேசினேன். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. உடல்நலமில்லை என்றுமட்டும் எண்ணியிருந்தார். சென்ற திங்களன்று மூவரும் குழந்தையோடு வேலூருக்குப் புறப்பட்டனர்.