மூன்று தவணை, ஒரே பணப்பை

கைபேசித் திரையில் ஒரு காலணி. விலை 300 வெள்ளி. அதன் கீழேயே 'இன்று 100 வெள்ளி மட்டும்' என்று இன்னொரு வரி. வட்டி இல்லை, சம்பளச் சீட்டும் கேட்பதில்லை. 'இப்போது வாங்கு, பிறகு செலுத்து' என்ற இந்தத் திட்டம் உயர்கல்வி மாணவர்களுக்கு இன்று நன்கு பழகிவிட்டது.

இது கடனா என்றால், கடன்தான். மலேசியாவில் கடன்பற்று அட்டை பெற ஆண்டுக்குக் குறைந்தது 24,000 வெள்ளி வருமானம் வேண்டும். தவணைச் செயலிகளோ வருமானமே இல்லாத மாணவரையும் வரவேற்கின்றன. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2025இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி, இத்தகைய நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும். கடன் வசூலிப்போரும் கண்காணிப்புக்குள் வருகின்றனர்.

வட்டி வாங்காமல் இந்நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? ஒவ்வொரு விற்பனைக்கும் வணிகர் கட்டணம் செலுத்துகிறார். தவணை தவறினால் நாம் தாமதக் கட்டணம் செலுத்துகிறோம். தவணை வசதி இருந்தால் வாடிக்கையாளர் கூடுதலாக வாங்குவார் என்பதால்தான் வணிகரும் அந்தக் கட்டணத்தைத் தருகிறார். ஆக, நம்மைக் கூடுதலாகச் செலவழிக்க வைப்பதே இந்த வியாபாரத்தின் அடிப்படை.

100 வெள்ளி சிறு தொகையாகத் தெரியலாம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேர ஊதியம் 8.72 வெள்ளி. பகுதி நேரமாக வேலை செய்யும் மாணவர் ஒரு தவணைக்காக ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் உழைக்க வேண்டும். மூன்று செயலிகளில் மூன்று பொருள் வாங்கினால், ஒரே மாதத்தில் 34 மணி நேர உழைப்பு போய்விடும்.

பி.டி.பி.டி.என். பணத்தில் தவணை கட்டுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதுவும் கடனே. ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணத்துடன், படிப்பு முடிந்த 12 மாதங்களுக்குப் பிறகு அதைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். ஒரு கடனைக் கொண்டு இன்னொரு கடனை அடைத்தால், காலணி தேய்ந்த பிறகும் அதன் விலை நம்மைத் தொடரும்.

அதற்காகத் தவணையே கூடாது என்பதில்லை. படிப்புக்கு மடிக்கணினி அவசியம். கையில் முழுத் தொகை இல்லை. மாத வருமானம் உறுதியாக இருக்கிறது என்றால் தவணை உதவும். அன்றாடச் செலவைத் தவணையாக்குவதுதான் ஆபத்து.

அன்றாடச் செலவில் மிச்சப்படுத்தவும் வழி உண்டு. 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் முழுமையாகத் திறக்கப்பட்டதிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்துக்கு தாமான் ஈக்குவைன், செர்டாங் ஜெயா போன்ற நிலையங்கள் கிடைத்துள்ளன. மை50 அட்டைக்கு 30 நாளுக்கு 50 வெள்ளி; ரயிலுடன் இணைப்புப் பேருந்தும் அதில் அடக்கம். தினமும் பயணம் செய்பவருக்கு ஒரு நாள் செலவு 2 வெள்ளிக்கும் குறைவு. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வகுப்புக்குச் செல்பவர் கணக்குப் பார்த்து வாங்கட்டும்.

ஏற்கெனவே தவணையில் சிக்கியவர்கள் அதை மறைக்க வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. இலவசமாகக் கடன் ஆலோசனை வழங்குகிறது.

சட்டம் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும். நமது தவணைகளைக் கூட்டிப் பார்க்கும் வேலை நம்முடையது. இன்றிரவே ஒரு தாளில் எல்லாத் தவணைகளையும் எழுதிக் கூட்டுங்கள். கையில் வரும் பணத்தைவிட அந்தத் தொகை பெரிதாக இருந்தால், அடுத்த 'வாங்கு' பொத்தானை அழுத்த வேண்டாம்.