அம்மாவுக்கு ஒரு ரெக்கார்டர்: நெட் இல்லாம, ஓடிபி இல்லாம

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு சின்ன சண்டை. அம்மாவுக்கு டிவி ரெக்கார்ட் பண்ற மாதிரி ஒரு பாக்ஸ் தேடிட்டிருக்கேன்னு வாயைத் தொறந்தேன். "இந்தக் காலத்துல ரெக்கார்டரா? எல்லாம் ஆப்ல இருக்கேடா, ஒரு நெட் கனெக்‌ஷன் போட்டுக் குடுத்துட்டு வா"ன்னு நாலு பேர் சிரிச்சாங்க. நாலு பேருமே என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். ஆறு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் இந்தப் பதிவு.

அம்மாவுக்கு வயசு 66. அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. மலையடிவாரம், செல்போன்ல பேசணும்னாலே வாசலுக்கு வரணும். கையில இருக்கறது பட்டன் போன். பொழுதுபோக்கு ரெண்டே ரெண்டு. சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சியோட வாய்க்கால் கரை வரைக்கும் ஒரு நடை, அப்புறம் ஒரு சீரியல். சேனல்காரங்க சீரியல் நேரத்தை மாத்தினதுல ரெண்டும் ஒரே நேரத்துக்கு வந்துடுச்சு. முட்டுவலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். அம்மா சீரியலைத்தான் தேர்ந்தெடுத்தாங்க :( திட்டவும் முடியல. நான் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்றேன், சீரியல்காரங்க வாரத்துக்கு ஆறு நாள் வீட்டுக்கு வர்றாங்க.

நம்ம மூளைதான் உடனே வேலை செய்யுமே. ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒண்ணு, அதுக்கு நெட் குடுக்க டாங்கிள் ஒண்ணு வாங்கி, லாகின் எல்லாம் போட்டு, ரிமோட்டைக் கையில குடுத்துட்டு ஊருக்கு வந்துட்டேன். போன்ல எப்பக் கேட்டாலும் "நல்லாத்தாம்யா இருக்கு". பொங்கலுக்குப் போனா அந்தப் பாக்ஸ் ஒரு துணி போர்த்தி அலமாரியில சாமி படத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. "போட்டா என்னெல்லாமோ வருது, நம்பர் கேக்கு. சொன்னா நீ காசு போச்சேன்னு வருத்தப்படுவேன்னுதான் சொல்லல"ன்னாங்க. நாலு மாசமா எனக்காகப் பொய் சொல்லியிருக்காங்க. நான் வாங்கினது அம்மாவுக்கு இல்ல, என் மனசாட்சிக்கு.

நிற்க. இனி தொழில்நுட்பம். இந்தத் தடவை ஒழுங்கா உக்காந்து யோசிச்சேன்.

டிவியிலேயே யூஎஸ்பி இருக்கே, அதுல பதிய முடியாதான்னு கேப்பீங்க. டிவியில அந்த வசதி இருந்தாலும், தன்னோட சொந்த ட்யூனர்ல வர்றதைத்தான் அது பதியும். செட்டாப் பாக்ஸ்லேர்ந்து ஹெச்டிஎம்ஐ வயர் வழியா வர்றதைப் பதியாது. பழைய விசிஆர் மாதிரி தனியா ஒரு மெஷின்? உலகத்துல கடைசியா விசிஆர் தயாரிச்சிட்டிருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில நிறுத்திடுச்சு. 2008-ல டாடா ஸ்கை ப்ளஸ் வந்தப்போ ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்தது. ஓடுற நிகழ்ச்சியை நிறுத்தி வச்சுட்டுக் காபி போட்டுட்டு வரலாம்னு ஊரே வாயைப் பொளந்தது. அந்தக் கதை அப்படியே நெட் பக்கம் திரும்பிடுச்சு. மிச்சம் இருக்கறது, பின்னாடி யூஎஸ்பி ஓட்டை உள்ள சாதாரண டிடிஹெச் ஹெச்டி பாக்ஸ்தான். பென் டிரைவ் சொருகினா பதியும். அம்மாவுக்கு அதுதான் சரின்னு முடிவு பண்ணினேன்.

வாங்கப் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது:

1. நெட் தேவையே இல்ல. எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்குங்கற பட்டியலும் கடிகார நேரமும் சாட்டிலைட் சிக்னலோடயே வந்துடுது. கைடுல சீரியல் பேர் மேல நின்னு ரெக்கார்ட் அமுக்கினா போதும். தினமும் தானா பதியற வசதி இருக்கான்னு மட்டும் கடையிலேயே போட்டுப் பாத்து வாங்குங்க. பாக்ஸ்ல ஓட்டை இருந்தும் பதியற வசதியைத் திறந்து விடாத மாடல்களும் உண்டு.

2. பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சாதாரண ஒளிபரப்பு விநாடிக்கு 3 மெகாபிட்னு வச்சுக்குங்க, அரை மணி நேரம் சுமார் 675 எம்பி. 32 ஜிபி பென் டிரைவ்ல நாப்பது எபிசோடுக்கு மேல நிக்கும். வாரத்துக்கு ஆறுன்னா ஏழு வாரம். ஹெச்டி சேனல்னா இதுல பாதிகூட நிக்காது. பென் டிரைவ்ல சத்தமும் கிடையாது, சுத்தற பாகமும் கிடையாது. முதல் தடவை சொருகும்போது பாக்ஸ் அதை ஃபார்மட் பண்ணிடும், கல்யாண போட்டோ இருக்கற டிரைவைச் சொருகிடாதீங்க.

3. ஒண்ணைப் பதியும்போது இன்னொரு சேனல் பாக்க ரெண்டு ட்யூனர் வேணும். வீட்ல ஒரே ஆள், அந்த நேரத்துல அவங்களே வாய்க்கால் கரையில. எதுக்கு?

4. பதிஞ்சது பூட்டுப் போட்டுத்தான் இருக்கும். அந்தப் பாக்ஸைத் தவிர வேற எங்கயும் ஓடாது. பாக்ஸ் போனா பதிவும் போச்சு. சீரியலுக்குப் பரவாயில்ல, காலத்துக்கும் வச்சுக்கணும்னு நினைக்கறதை இதை நம்பி விடாதீங்க.

5. இதை எந்த ஸ்பெக்லயும் போட மாட்டாங்க: சுவத்து சுவிட்ச். பாக்ஸ் ஸ்டாண்ட்பைல இருந்தாத்தான் பதியும். எங்கம்மா டிவி பாத்து முடிச்சதும் சுவிட்சை அணைச்சிடுவாங்க. 2016-ல 100 யூனிட் இலவசம்னு வந்ததிலேர்ந்து மீட்டர் மேல ஒரு கண்ணு வேற. பாக்ஸ் 10 வாட் இழுத்தாக்கூட ரெண்டு மாசத்துக்கு 14.4 யூனிட்தான்னு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காமிச்சேன். யோசிச்சுட்டு, "சரி, ஆனா இடி இடிச்சா பிடுங்கத்தான் செய்வேன்"ன்னாங்க. நியாயம்தானே!

பாக்ஸ் மாட்டின அன்னிக்கு ரிமோட்ல தேவையில்லாத பட்டனுக்கெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். நாலு பட்டனுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட வாங்கின சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அப்புறம் முக்கியமான வேலை: நான் எழுந்து வெளிய திண்ணையில போய் உக்காந்தேன். பக்கத்துல நின்னா அவங்க என் மூஞ்சியைத்தான் பாப்பாங்க, டிவியை இல்ல. முதல் தடவை தப்பு. ரெண்டாவது தடவையும் தப்பு, எழுந்து போகத் துடிச்ச காலை அடக்கிக்கிட்டேன். மூணாவது தடவை உள்ளேர்ந்து சீரியல் பாட்டு கேட்டுச்சு. எந்த ரிலீஸுக்கும் எனக்கு இவ்ளோ சந்தோஷம் வந்ததில்ல.

நாம எழுதற மென்பொருள்ல "யூசர்"னு ஒருத்தரை மனசுல வச்சுக்கறோம். அவருக்கு நெட் உண்டு, ஸ்மார்ட்போன் உண்டு, ஓடிபி வந்தா முப்பது விநாடியில அடிக்கிற கண்ணும் விரலும் உண்டு. பட்டன் எங்க இருந்துச்சோ அங்க அடுத்த மாசம் இருக்காது, அவர் தேடிக் கண்டுபிடிச்சுக்குவார். அந்த ஆள் எங்கம்மா இல்ல. அம்மாவுக்குப் புரியலைன்னு நாலு மாசம் நான் நினைச்சிருந்தா அது அவங்க தப்பாகியிருக்கும். ஆனா 40 வருஷமா வீட்டுக் கணக்கை மனசுலயே போடற ஒருத்தருக்குப் புரியாத மாதிரி ஒரு டிவி பெட்டியைச் செஞ்சது நம்ம ஆளுங்க. வயசானவங்க காலத்தோட மாறணும்னு சொல்றதுக்கு முன்னாடி, மாறாம ஒரே இடத்துல இருக்கற நாலு பட்டனை நம்மளால ஏன் குடுக்க முடியலைன்னு கேக்கணும். எளிமையான பொருளும் இன்னிக்குத் தேவைதான். அது பழசு இல்ல.

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணேன். வெள்ளிக்கிழமை நல்ல இடி மழையாம், பிளக்கைப் பிடுங்கியாச்சாம், அன்னிக்கு எபிசோடு போச்சாம். அடடான்னேன்.

"விடுய்யா, ஒருநாள் பாக்கலைன்னா கதை எங்க ஓடிரப் போவுது? அங்கனயேதான் நிக்கும்."

நடையெல்லாம் எப்படின்னு கேட்டேன். ஆச்சிக்குத்தான் மூச்சு வாங்குதாம் :)